குப்பைக்குப் போகும் நண்டு ஓடு



இந்த இதழின் கடற்கரைப் பகுதிக்குக் காரங்காட்டைத் தேர்ந்தெடுத்திருக்கிறோம். கிழக்குக் கடற்கரைச் சாலையில் தொண்டிக்கும் தேவிபட்டினத்துக்கும் நடுவே, பாக் விரிகுடாவை ஒட்டிய மீனவ ஊர் அது. அலையாத்திக் காட்டுக்குள் வனத்துறையின் படகு போகிறது, துடுப்பு போடத் தெரிந்தவர்களுக்குக் கயாக்கும் உண்டு. ஊர்ப் பெண்கள் சமைத்துத் தரும் நண்டுக் குழம்பைப் பற்றி நம் நிருபர் கொஞ்சம் அதிகமாகவே எழுதிவிட்டார், படித்துப் பாருங்கள். அந்தக் குழம்பைச் சாப்பிட்டு முடித்ததும் இலையோரத்தில் ஒதுக்கிவைக்கும் ஓட்டைப் பற்றித்தான் இந்தப் பக்கத்தில் பேசப்போகிறேன். காரணம், ஒரு வாசகியின் கடிதம்.

“எனக்கு சிசேரியன் ஆனபோது, ‘உள்தையல் பிரிக்க வேண்டாம்மா, தானா கரைஞ்சிடும்’ என்று நர்ஸம்மா சொன்னார். கரைந்து எங்கே போகிறது? உடம்பிலேயே தங்கிவிட்டால் கெடுதல் இல்லையா?” என்று கேட்டிருந்தார். இந்தக் கேள்வி நம்மில் பலருக்கு வந்திருக்கும். கேட்கக் கூச்சப்பட்டு விட்டிருப்போம்.

முதலில் நூலைப் பார்ப்போம். ஆபரேஷன் அறையில் பெரும்பாலும் ஊதா நிறத்தில் இருக்கும், டாக்டர்கள் ‘விக்ரில்’ என்பார்கள். 1974-ல் விற்பனைக்கு வந்தது. அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்பே ‘டெக்ஸான்’ என்ற நூல் வந்து வழி போட்டிருந்தது. விக்ரில் என்பது கிளைகோலிக் அமிலம், லாக்டிக் அமிலம் என்ற இரண்டு சின்ன மூலக்கூறுகளை நீளமாகக் கோத்துச் செய்த சங்கிலி. இப்படிக் கோத்த நீள மூலக்கூறுகளைத்தான் பாலிமர் என்கிறோம். உடம்பில் எங்கு பார்த்தாலும் தண்ணீர்தான். அது நூலுக்குள் மெல்ல ஊறி, சங்கிலியின் இணைப்புகளை ஒவ்வொன்றாக அறுக்கிறது. அறுந்து வருபவை பழைய அமிலங்கள். லாக்டிக் அமிலம் நம் வீட்டுத் தயிரில் இருப்பதுதான், ஓடிக் களைத்த தசையில் தானாக ஊறுவதும் அதுதான். உடம்புக்கு அதைச் செரிக்கத் தெரியும். கடைசியில் கரியமில வாயுவாக மூச்சிலும் தண்ணீராகவும் வெளியே போய்விடுகிறது. இரண்டு வாரத்தில் நூலுக்கு முக்கால் பலம் இருக்கும், மூன்றாவது வாரத்தில் பாதி. அதற்குள் திசு ஒட்டிக்கொண்டுவிடும். இரண்டு, இரண்டரை மாதத்தில் நூல் இருந்த இடமே தெரியாது. ஆகவே வாசகிக்கு என் பதில்: அந்தத் தையல் உங்கள் மூச்சோடு எப்போதோ வெளியே போய்விட்டது, கவலை வேண்டாம்.

இதில் என்னைக் கவர்ந்த சங்கதி காலக்கணக்கு. எத்தனை நாள் தாங்க வேண்டும் என்று முன்கூட்டியே முடிவுசெய்து பாலிமரைத் தயாரிக்கலாம். விக்ரிலில் பத்தில் ஒன்பது பங்கு கிளைகோலிக், ஒரு பங்கு லாக்டிக். இந்த விகிதத்தை மாற்றினால் கரையும் வேகமும் மாறும். பாலிகாப்ரோலாக்டோன் என்று இன்னொன்று இருக்கிறது, கரைய இரண்டு வருஷத்துக்கு மேல் ஆகும். மெதுவாக வளரும் எலும்புக்கு அதுதான் தோது. மண்டையோட்டில் துளை போட்டு ஆபரேஷன் செய்த இடத்தை மூட, இந்தப் பாலிமரில் சல்லடைபோல் அச்சிட்ட வில்லையைச் சிங்கப்பூரில் உருவாக்கினார்கள். அதன் கண்களுக்குள் எலும்பு வளர்ந்து இடத்தைப் பிடித்துக்கொள்ளும்.

கரையாத நூலும் ஆஸ்பத்திரியில் உண்டு. நம் கடல்புறத்தில் அதைத் தெரியாதவர்கள் கிடையாது. தங்கூசிதான். தோலின் மேல் போட்டு ஏழு, பத்து நாளில் பிரிக்கிற ஒற்றை இழைத் தையல் பெரும்பாலும் நைலான். வலை பின்னும் தங்கூசியும் நைலான். பிரிக்காமல் விட்டால் வருஷக்கணக்கில் கிடக்கும். அறுந்து போன தங்கூசி வலை பாக் கடலின் அடியில் கிடந்து, ஆளில்லாமலேயே மீனையும் ஆமையையும் பிடித்துக்கொண்டிருப்பதும் அதே குணத்தால்தான்.

கரையும் தையல் புதுசு அல்ல. குடல் கிழிந்தால் பெரிய கறுப்பு எறும்புகளைக் கொண்டு இரண்டு ஓரங்களையும் சேர்த்துக் கடிக்கவைத்து, உடலைக் கிள்ளி எறிந்து தலையை மட்டும் விட்டு, குடலை உள்ளே வைத்துத் தைக்கச் சொல்கிறது நம் பழைய மருத்துவ நூலான சுசுருத சம்ஹிதை. பிற்காலத்தில் ஆடு மாடுகளின் குடலைத் திரித்த ‘கேட்கட்’ நூல் உலகம் முழுக்கப் புழங்கியது. பெயரில் பூனை இருக்கிறதே தவிர நூலில் பூனை கிடையாது. ஆனால் எறும்புத் தலையை அவ்வளவு சுலபமாகத் தாண்டிப் போக எனக்கு மனமில்லை. அந்தத் தலை ஓட்டின் முக்கியமான பொருள் கைட்டின். நண்டு ஓட்டிலும் இறால் தோட்டிலும் இருப்பது அதே கைட்டின்.

ஒரு நண்டு ஓட்டைக் கையில் எடுத்துப் பாருங்கள். அதில் மூன்று பொருள் பின்னிக் கிடக்கிறது: சுண்ணாம்பு, புரதம், கைட்டின். கழுவிக் காயவைத்துப் பொடித்த ஓட்டை நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் போட்டால் நுரைத்துக்கொண்டு பொங்கும். சுண்ணாம்பு கரைந்து போகிறது. கடகடவென்று உடைகிற ஓடு, நெளிகிற தோலாக மாறிவிடும். அடுத்து நீர்த்த காஸ்டிக் சோடாவில் சுடவைத்தால் புரதம் கழன்றுவிடும். மிஞ்சும் வெளுத்த செதில்தான் கைட்டின். அதைக் கிட்டத்தட்டப் பாதிக்குப் பாதி காஸ்டிக் சோடா உள்ள கரைசலில் மணிக்கணக்கில் கொதிக்கவைத்தால் கைட்டோசான் கிடைக்கும். கைட்டின் பிடிவாதக்காரப் பொருள், தண்ணீரிலும் கரையாது, காடியிலும் கரையாது. கைட்டோசானோ காடியில் கரைந்து கொழகொழவென்று வரும். படலமாக ஊற்றலாம், பஞ்சுபோல் உலர்த்தலாம், இழையாக இழுக்கலாம்.

அதைவிட முக்கியமான குணம் ஒன்று உண்டு. காடியில் கரையும்போது கைட்டோசானுக்கு நேர்மின்னேற்றம் வருகிறது. ரத்தச் சிவப்பணுக்களின் மேற்பரப்பில் இருப்பது எதிர்மின்னேற்றம். காயத்தில் வைத்து அழுத்தினால் சிவப்பணுக்கள் வந்து ஒட்டி, அடைப்பாகத் திரண்டுகொள்கின்றன. ரத்தம் தானாக உறையும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. இந்தத் தத்துவத்தில் செய்த ‘ஹெம்கான்’ கட்டுக்கு அமெரிக்க மருந்துத் துறை 2002-ல் அனுமதி கொடுத்தது. ஈராக்கிலும் ஆப்கானிஸ்தானிலும் சிப்பாய்களின் பையில் அது இருந்தது. மூலப்பொருள் இறால் தோடு. நம் நாட்டிலும் ஆக்ஸியோ என்ற கம்பெனி ‘ஆக்ஸியோஸ்டாட்’ என்ற கைட்டோசான் கட்டைத் தயாரிக்கிறது, நம் ராணுவமும் பயன்படுத்துகிறது. உடம்புக்குள் தங்கும் கைட்டோசானை, கண்ணீரிலும் எச்சிலிலும் இருக்கும் லைசோசைம் என்ற நொதியே சிறுசிறு சர்க்கரைத் துண்டுகளாக வெட்டிவிடும்.

இதைப் படித்துவிட்டு யாரும் நண்டு ஓட்டை இடித்துக் காயத்தில் அப்பிவிடாதீர்கள். கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். பச்சை ஓட்டில் கிருமியும் உண்டு, ஒவ்வாமையைக் கிளப்பும் புரதமும் உண்டு. திருக்கை முள்ளோ கெளுத்தி முள்ளோ தைத்தால், துருப்பிடித்த தூண்டில் கிழித்தால், ஆஸ்பத்திரிக்குப் போய் டிடி ஊசி போட்டுக்கொள்வதுதான் வழி. இறால், நண்டு சாப்பிட்டால் தடிப்பு வருபவர்கள், தங்களுக்குக் கைட்டோசான் கட்டு போடுவதாகத் தெரிந்தால் டாக்டரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். சுத்திகரித்த சரக்கில் அந்தப் புரதம் இருக்கக் கூடாது, ஆனாலும் சொல்லிவைப்பது நல்லது.

ஓட்டைப் பற்றிப் பேசினால் பாசியைப் பற்றியும் பேசத்தான் வேண்டும். மண்டபம், ராமேசுவரம் தீவு, ஏர்வாடிப் பக்கங்களில் விரல்களில் துணியைச் சுற்றிக்கொண்டு பாறைக்கும் பவளத்துக்கும் நடுவே முங்கிப் பாசி பறிக்கும் பெண்களை நம் இதழில் முன்பும் எழுதியிருக்கிறோம். அவர்களில் ஒருவரான சின்னப்பாலம் லட்சுமி மூர்த்திக்கு 2015-ல் அமெரிக்காவின் சீகாலஜி விருது கிடைத்தது. அவர்கள் வாயில் பாசிகளின் பெயர் மரிக்கொழுந்து, கட்டக்கோரை, கஞ்சிப்பாசி, பக்கோடா பாசி. மரிக்கொழுந்தில் அகர் கிடைக்கிறது. ஆஸ்பத்திரி ஆய்வகத்தில் கிருமியை வளர்த்துப் பார்க்கும் தட்டில் இருப்பது அகர்தான். கட்டக்கோரை கொடுப்பது ஆல்ஜினேட். பல் டாக்டர் உங்கள் வாய்க்குள் ஒரு பசையைத் திணித்து அச்சு எடுத்திருப்பாரே, அதுவும் ஆல்ஜினேட்தான். முன்பு அச்சுக்கு அகரைத்தான் பயன்படுத்தினார்கள். இரண்டாம் உலகப் போரில் ஜப்பானிலிருந்து அகர் வரத்து நின்றுபோனதும் ஆல்ஜினேட்டுக்கு யோகம் அடித்தது.

புண்ணுக்கு வைக்கும் ஆல்ஜினேட் கட்டு பார்வைக்குச் சாதாரணப் பஞ்சுபோல்தான் இருக்கும். அது கால்சியம் கலந்த ஆல்ஜினேட் இழை. புண்ணிலிருந்து கசியும் நீரில் சோடியம் இருக்கிறது. இழையிலிருந்து கால்சியம் இறங்க, அந்த இடத்தில் சோடியம் ஏற, பஞ்சு கூழாகிவிடுகிறது. புண் ஈரமாக இருக்கும், கட்டைப் பிரிக்கும்போது சதை பிய்ந்து வராது. “காத்துப் படட்டும், புண்ணு காயட்டும்” என்றுதான் நம் வீடுகளில் இன்றும் சொல்கிறோம். ஜார்ஜ் விண்டர் என்ற ஆய்வாளர் 1962-ல் பன்றிகளின் தோலில் சோதித்து, மூடி ஈரமாக வைத்த காயம் காற்றில் காய்ந்த காயத்தைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு வேகத்தில் புதுத்தோல் கட்டுவதைக் காட்டிவிட்டார். அறுபது வருஷம் ஆகியும் அந்தச் செய்தி நம் திண்ணைகளுக்கு வந்து சேரவில்லை. சர்க்கரை நோயால் காலில் புண் வந்து நீர் வடிபவர்களுக்கு இந்தக் கட்டு உதவும், காய்ந்த புண்ணுக்கு ஆகாது. எது எதற்கு என்று பார்த்துச் சொல்ல டாக்டர் வேண்டும்.

தையலும் கட்டும் இந்த விஷயத்தின் பாதிதான். மீதிப் பாதி, போன சதையைத் திரும்ப வளர்ப்பது. வீடு கட்டும்போது சாரம் கட்டுகிறோம். சுவர் எழும்பியதும் பிரித்துவிடுகிறோம். உடம்புக்குள் கட்டும் சாரத்தைப் பிரிக்க ஆள் போக முடியாது, அதனால் தானே கரைகிற பொருளில் கட்டுகிறார்கள். நம் செல்கள் அதில் ஏறி, குடியிருந்து, தங்கள் சொந்தத் திசுவை நெய்துகொள்கின்றன. அமெரிக்காவில் யானஸ் என்ற பொறியியல் பேராசிரியரும் பர்க் என்ற அறுவை மருத்துவரும் கடும் தீக்காயத்துக்காக இப்படியொரு செயற்கைத் தோலைச் செய்து 1981-ல் வெளியிட்டார்கள். அதில் என்ன இருந்தது தெரியுமா? மாட்டிலிருந்து எடுத்த கொலாஜன் என்ற புரதம், அதோடு சுறாவின் குருத்தெலும்பிலிருந்து எடுத்த ஒரு சர்க்கரைப் பொருள், மேலே ஈரம் போகாமல் காக்க ஒரு சிலிகோன் படலம். அரசு அனுமதி கிடைக்க 1996 ஆகிவிட்டது. பதினைந்து வருஷம். சென்னை அடையாறில் உள்ள மத்திய தோல் ஆராய்ச்சி நிலையமும் கொலாஜனில் தீக்காயக் கட்டுகளுக்காக நெடுங்காலம் உழைத்திருக்கிறது. தஞ்சாவூர் சாஸ்த்ரா பல்கலைக்கழகத்தில் இதற்கென்றே ஒரு மையம் உண்டு. கொச்சியிலுள்ள மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் மீன் குடலிலிருந்து கரையும் தையல்நூலே செய்து பார்த்திருக்கிறது.

கரைவதெல்லாம் நல்லதுதான் என்று முடிவு கட்டிவிடவும் கூடாது. இதய ரத்தக்குழாயில் வைக்கும் உலோக ஸ்டென்ட் ஆயுசுக்கும் உள்ளேயே கிடக்கிறதே, கரைகிற ஸ்டென்ட் இருந்தால் எவ்வளவு நல்லது என்று நினைத்து ‘அப்சார்ப்’ என்ற ஒன்றைச் செய்தார்கள். லாக்டிக் அமிலச் சங்கிலியில் செய்தது. 2016 ஜூலையில் அமெரிக்க அனுமதி கிடைத்தது, உலகமே கொண்டாடியது. ஆனால் உலோக ஸ்டென்டைவிட இதில் ரத்தக்கட்டி உருவாகும் அபாயம் கூடுதல் என்று ஆய்வுகள் காட்டின. 2017 செப்டம்பரில் கம்பெனியே விற்பனையை நிறுத்திவிட்டது. உலோகத்தின் பலம் வேண்டுமென்றால் பாலிமர்க் கம்பிகளைத் தடிமனாக வைக்க வேண்டியிருந்தது, ரத்தம் ஓடும் குழாயில் அந்தத் தடிமன் இடைஞ்சல். இன்று மெல்லிய கம்பிகளோடு மறுபடி முயல்கிறார்கள். விளம்பரத்தை நம்பி ஓடுவதைவிட, ஐந்து வருஷத்து முடிவுகளைக் கேட்டுவிட்டு நடப்பது மேல்.

காரங்காட்டை மனதில் வைத்துக்கொண்டு இன்னொரு மீனவ ஊரின் கதையைச் சொல்கிறேன். ஐஸ்லாந்தின் வடமேற்கு மூலையில் இசாஃப்யோர்துர் என்று ஒரு சின்னத் துறைமுகம், சில ஆயிரம் பேர் வாழும் ஊர். காட் மீன் பிடிப்பது தொழில். மீனின் சதை விலைபோகும், தோலுக்கு மரியாதை கிடையாது. அந்தத் தோலிலிருந்து செதிலையும் செல்களையும் நீக்கி, கொலாஜன் பின்னல் கெடாமல் உலர்த்தி, ஆறாத புண்ணின்மேல் வைக்கலாம் என்று கெரெசிஸ் என்ற கம்பெனி அங்கே தொடங்கியது. வைத்த தோலுக்குள் நம் செல்கள் புகுந்து அதையே நம் சதையாக்கிக்கொள்ளும். மாடு, பன்றித் தோலை நோய்க்கிருமிக்குப் பயந்து கடுமையாகக் கழுவ வேண்டியிருக்கிறது, குளிர்கடல் மீனுக்கு அந்தப் பயம் குறைவு. 2013-ல் அமெரிக்க அனுமதி வாங்கினார்கள். 2023-ல் டென்மார்க்கின் கோலோபிளாஸ்ட் அந்தக் கம்பெனியை 130 கோடி டாலர் வரை கொடுக்க ஒப்புக்கொண்டு வாங்கியது. மீன் தோலுக்கு!

நம் கரையில் என்ன இல்லை? மண்டபத்தில் பாசி ஆராய்ச்சிக்கு மத்திய நிலையம் பல காலமாக இருக்கிறது. தொண்டியில் அழகப்பா பல்கலைக்கழகத்தின் கடலியல் துறை இருக்கிறது. ராமநாதபுரத்தில் 2022 முதல் அரசு மருத்துவக் கல்லூரி இயங்குகிறது. வளமாவூரில் 127 கோடி ரூபாய்ச் செலவில் பாசிப் பூங்கா வரப்போகிறது என்று 2023-ல் அடிக்கல் நாட்டினார்கள். பாசியைப் பறிப்பதும் நண்டைப் பிடிப்பதும் இங்கே, சதையைப் பிரித்தெடுப்பதும் இங்கே. பாசி மூட்டையாகவும் சதை டப்பாவாகவும் வெளியூர் போகிறது, ஓடு குப்பைக்குப் போகிறது. மருந்தாகவும் கட்டாகவும் திரும்பி வரும்போது நம் ஆள் அதன் விலையைக் கேட்டுப் பின்வாங்குகிறார். பாசிப் பூங்காவில் உரத்துக்கும் ஐஸ்கிரீமுக்கும் கூழ் எடுப்பதோடு நிற்காமல், மருத்துவத் தரத்துக்கு ஒரு சின்ன ஆய்வகமாவது வேண்டும் என்பது என் கட்சி.

சும்மா கேட்டால் கிடைத்துவிடாது என்பதும் தெரிந்ததே. உடம்புக்குள் வைக்கும் சரக்கில் கன உலோகமும் கிருமி நஞ்சும் இல்லை என்று ஒவ்வொரு தொகுதியிலும் நிரூபிக்க வேண்டும். ஜனவரி நண்டில் செய்ததும் ஆகஸ்ட் நண்டில் செய்ததும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். 2017-ன் மருத்துவச் சாதன விதிகளின்படி சோதனை, உரிமம் எல்லாம் உண்டு. இந்தப் பாதையின் முதல் படி நம் கையில் இருக்கிறது. உரித்த ஓட்டை அன்றே கழுவி, சுத்தமாகக் காயவைத்து, தனியாகக் கட்டி வைப்பது. அழுகிய ஓட்டில் நல்ல கைட்டோசான் வராது. நண்டுக் கம்பெனிகளில் வேலைபார்க்கும் பெண்களின் சுய உதவிக் குழுக்கள் இதை ஒரு வருமானமாக எடுத்துச் செய்யலாம்.

ஆனால் ஒரு நிபந்தனை. அமிலமும் காஸ்டிக்கும் கொதிக்கும் கொட்டகையை யாராவது காரங்காட்டு ஓடைக்கரையில் போடப் பார்த்தால், முதல் ஆளாக எதிர்த்து எழுதுவேன். கழிவுநீர் அலையாத்திக்குள் இறங்கினால் அந்தச் சேற்றில் வளரும் நண்டுக்குஞ்சும் இறால்குஞ்சும் போய்விடும், பிறகு ஓட்டுக்கு எங்கே போவது? காயவைப்பது இங்கே நடக்கட்டும். ரசாயன வேலை சுத்திகரிப்பு நிலையம் உள்ள தொழிற்பேட்டையில் நடக்கட்டும். பாசியிலும் இந்த எச்சரிக்கை வேண்டும். நம்மவர்கள் ‘பெப்சி பாசி’ என்று அழைக்கும் வெளிநாட்டுப் பாசி, வளர்ப்பிலிருந்து தப்பிக் குருசடைத் தீவுப் பக்கம் பவளத்தின்மேல் படர்ந்ததைக் கடல் ஆய்வாளர்கள் 2008-லேயே எழுதிவிட்டார்கள்.

வாசகர்களிடம் எனக்கு இரண்டு வேண்டுகோள். உங்களுக்கோ வீட்டில் யாருக்கோ ஆபரேஷன் நடந்தால், எந்தத் தையல் கரைவது, எதைப் பிரிக்க வேண்டும், எந்தத் தேதியில் என்று கேட்டு டிஸ்சார்ஜ் சீட்டிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். இன்னொன்று, நண்டு, இறால் ஓட்டைச் சேர்த்து உருப்படியாக ஏதாவது செய்யும் குழுவோ மாணவரோ உங்கள் ஊரில் இருந்தால் எங்களுக்கு எழுதுங்கள். அடுத்த இதழ்களில் அவர்களுக்குப் பக்கம் ஒதுக்கக் காத்திருக்கிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்